மன்னர் ஓய்வு பெற்றால் கையெழுத்து யார் போடுவது?

2022 செப்டம்பர் 6. ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் 96 வயது எலிசபெத் ராணி ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்று, லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக நியமித்தார். அன்று வெளியான படத்தில் பலரும் பார்த்தது புதிய பிரதமரை அல்ல, ராணியின் புறங்கையில் கன்றிப்போயிருந்த நீலத்தைத்தான். மறுநாள் காணொளியில் நடக்கவிருந்த, மன்னருக்கு ஆலோசனை கூறும் பிரிவி கவுன்சிலின் கூட்டம், மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னதால் தள்ளிப்போனது. அதற்கடுத்த நாள் அவர் காலமானார்.

"இந்த வயதில் மகனிடம் விட்டுவிட்டு உட்கார வேண்டியதுதானே?" என்று அப்போது கேட்காதவர் குறைவு. கடைச் சாவியை மூத்தவனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் மன்னரால் தன் விருப்பப்படி மட்டும் விலக முடியாது. அதற்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும்.

அப்படி ஒரு சட்டம் 1936இல் வந்தது. எட்டாம் எட்வர்ட் டிசம்பர் 10 அன்று, தம்பிகள் மூவர் சாட்சியாக நிற்க, முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அதனால் மட்டும் அவர் பதவி போய்விடவில்லை. மறுநாள் நிறைவேறிய சட்டத்துக்கு அவரே மன்னராக ஒப்புதல் தந்தார். ஒப்புதல் அறிவிக்கப்பட்ட கணத்தில் மன்னர் அல்லாதவர் ஆனார். அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். மன்னர் இறந்தால் பயன்படுத்தும் 'முடியின் மறைவு' என்ற அதே சொல்லைத்தான் இதற்கும் போட்டார்கள். உயிரோடிருப்பவரைச் சட்டத்தின் கண்ணில் மறைந்தவராக்கினால்தான் அடுத்தவருக்கு முடி போகும்.

சிக்கல் அதோடு தீரவில்லை. 1931ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டப்படி, அரியணை வாரிசுரிமையை மாற்ற, அதே மன்னரின் கீழ் தன்னாட்சி பெற்றிருந்த டொமினியன் நாடுகளின் சம்மதமும் வேண்டும். தென்னாப்பிரிக்கா பின்னர் இயற்றிய தன் சட்டத்தில், முடிதுறப்பு டிசம்பர் 10 அன்றே நடந்தது என்றது. பிரிட்டனிலும் கனடாவிலும் அது 11ஆம் தேதி. அயர்லாந்தில் 12. ஆக, ஒரே நாளில் ஓரிடத்தில் அண்ணன் மன்னர், இன்னோரிடத்தில் தம்பி மன்னர். பணக்கணக்கு வேறு: பால்மோரலும் சாண்ட்ரிங்காமும் எட்வர்டின் சொந்தச் சொத்துகள். புதிய மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவற்றை அண்ணனிடமிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

இன்று சார்லஸ் 15 நாடுகளுக்கு மன்னர். ஆண் பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே முடி என்ற மாற்றத்தை இந்த நாடுகளின் அரசுகள் எதுவும் எதிர்க்கவில்லை. அதற்கே 2011 அக்டோபரில் பெர்த் நகரில் ஒப்புக்கொண்டதிலிருந்து 2015 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வரும்வரை மூன்றரை ஆண்டு பிடித்தது. ஆஸ்திரேலியாவில் ஆறு மாநிலங்களும் தனித்தனியே சட்டம் போட வேண்டியிருந்தது. மன்னர் இறந்தாலோ இதில் எதுவும் தேவையில்லை. வாரிசு அந்தக் கணமே மன்னர். முதுமையில் விலகுவதை அரண்மனை வழக்கறிஞர்கள் ஊக்குவிக்காததற்கு, கடமை உணர்வைவிட இந்தக் காகித வேலை வலுவான காரணம் என்றே தோன்றுகிறது.

அப்படியானால் மன்னர் படுத்துவிட்டால்? இரண்டு ஏற்பாடுகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் 1936 ஜனவரி 20இன் காட்சி இருக்கிறது. சாண்ட்ரிங்காமில் சாகக் கிடந்த ஐந்தாம் ஜார்ஜின் படுக்கையறையில் பிரிவி கவுன்சிலர்கள் கூடினார்கள். தன் சார்பில் செயல்படுவோரை நியமிக்கும் ஆணையில் அவர் கையெழுத்திட வேண்டும். பேனா பிடிக்கவே கை வரவில்லை. நெடுநேரம் தடுமாறி ஏதோ கிறுக்கினார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் உயிர் பிரிந்தது. அந்தக் கிறுக்கலும் கிடைத்திராவிட்டால் அரசு என்ன செய்திருக்கும் என்பதற்கு அன்று பொதுவான சட்டம் இல்லை. 1937இன் ரீஜென்சி சட்டம் அதற்குப் பிறகு வந்தது.

அதில் சிறிய ஏற்பாடு 'கவுன்சிலர் ஆஃப் ஸ்டேட்'. உடல்நலக் குறைவோ வெளிநாட்டுப் பயணமோ இருந்தால், மன்னரின் துணையும் வாரிசு வரிசையில் வயது வந்த முதல் நால்வரும் அவர் வேலைகளைப் பார்க்கலாம். பிரபுப் பட்டம் தரக்கூடாது. மன்னர் வெளிப்படையாகச் சொல்லாமல் நாடாளுமன்றத்தைக் கலைக்கக்கூடாது. 2022 மே 10 அன்று நாடாளுமன்றத்தைச் சார்லஸும் வில்லியமும் திறந்துவைத்தது இந்த வழியில்தான். ஆனால் அப்போது பட்டியலிலிருந்த நால்வரில் சார்லஸின் இளைய மகன் ஹாரி அமெரிக்காவில் வாழ்ந்தார், தம்பி ஆண்ட்ரூ பொதுப்பணியிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியபோதும் அவர்கள் பெயரை எடுக்கவில்லை; சார்லஸின் தங்கை ஆன், இன்னொரு தம்பி எட்வர்ட் ஆகியோரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். யார் முகத்தையும் முறிக்காமல் காரியம் பார்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

பெரிய ஏற்பாடு ரீஜென்ட், அதாவது மன்னருக்குப் பதிலாக ஆள்பவர். மன்னரின் துணை, லார்டு சான்சலர், மக்களவைத் தலைவர், இங்கிலாந்தின் தலைமை நீதிபதி, மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் என்ற மூத்த நீதிபதி ஆகிய ஐவரில் குறைந்தது மூவர், மருத்துவர் சான்றோடு, மன்னரால் இயலவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், இதை யார் எப்போது தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. பக்கவாதத்தில் விழுந்தவருக்குச் சட்டம் பொருந்தும். நாலு நாள் தெளிவு, இரண்டு நாள் குழப்பம் என்று மெல்ல மங்கும் மறதி நோய்க்கு எந்த நாளில் சான்று வாங்குவது? துணைவரோ துணைவியோ தயங்குவார். லார்டு சான்சலர் அமைச்சர். அவர் முதலில் வாய் திறந்தால் அது அரசியலாகிவிடும்.

வேறு நாடுகளில் இவ்வளவு தலைவலி இல்லை. நெதர்லாந்தின் அரசியலமைப்பிலேயே முடிதுறப்புக்கு இடமுண்டு. 1948, 1980, 2013 என மூன்று ராணிகள் அடுத்தடுத்து விலகினார்கள். டென்மார்க்கின் மார்கரீத்தா 2023 டிசம்பர் 31 இரவு புத்தாண்டு உரையில் அறிவித்து, இரண்டு வாரத்தில், 2024 ஜனவரி 14 அன்று மகனிடம் கொடுத்தார். மலேசியாவில் ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருவராகப் பேரரசர் ஆவதால், விலகுபவர் ஆட்சியாளர் மாநாட்டுக்குக் கடிதம் எழுதினால் போதும். ஐந்தாம் முகம்மது 2019 ஜனவரி 6 அன்று விலக, 24ஆம் தேதிக்குள் அடுத்தவரைத் தேர்ந்துவிட்டார்கள்.

கதவே இல்லாத வீட்டில் கதவு வைத்தது ஜப்பான். 2016 ஆகஸ்ட் 8 அன்று, 82 வயது அகிஹிட்டோ தொலைக்காட்சியில் பேசினார். இதய அறுவை சிகிச்சை ஆனவர். உடல் தளர்வதைச் சொன்னாரே தவிர 'விலகுகிறேன்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. சட்டத்தை மாற்றுங்கள் என்று பேரரசர் கேட்டால் அதுவே அரசியலமைப்பு அவருக்கு மறுத்திருக்கும் அரசியல். ரீஜென்ட் வைப்பதும் தீர்வல்ல என்று அவர் குறிப்பாகச் சொன்னார்: கடமையைச் செய்ய முடியாதவர் சாகும்வரை பேரரசராகவே இருப்பார். 2017 ஜூனில் அவருக்காக மட்டும் ஒரு சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் 30 அன்று விலகினார், 1817க்குப் பின் முதன்முறையாக. அந்தக் கதவு அவருக்கு மட்டும் திறந்தது. இப்போதைய பேரரசரான மகன் நருஹிட்டோ விலக விரும்பினால் நாடாளுமன்றம் மறுபடி கூட வேண்டும்.

விலகியபின் என்ன என்று யோசிக்காவிட்டால் ஸ்பெயினில் நடந்ததுதான் நடக்கும். ஹுவான் கார்லோஸ் 2014 ஜூன் 19 நள்ளிரவில் முடியை விட்டார். அதோடு அரசியலமைப்பு தந்த வழக்கு விலக்கும் போனது. உச்ச நீதிமன்றம் மட்டுமே அவரை விசாரிக்கலாம் என்று அவசரமாக அடுத்த மாதம் சட்டம் போட்டார்கள். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை.

மன்னருக்கு வேலையே இல்லை என்பவர்களும், அவர் இல்லாவிட்டால் அரசு நின்றுவிடும் என்பவர்களும் இரண்டு பேருமே சரி. 1708க்குப் பிறகு பிரிட்டிஷ் மன்னர் யாரும் மசோதாவை மறுத்ததில்லை. ஆனாலும் அந்த ஒப்புதல் இல்லாமல் மசோதா சட்டமாகாது. முடிவெடுக்காத ஒரு பதவிக்கு, பேனா பிடிக்க முடிகிற ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார். அதனால்தான் முடிதுறப்பு கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிறப்பால் வருவதை விருப்பத்தால் விட்டால் குடியரசு வேண்டும் என்பவர்கள் வாய்க்கு அவல் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று முறை விட்டும் நெதர்லாந்தில் முடியாட்சி இருக்கிறதே. மன்னர் தெளிவாக இருக்கும்போதே, 15 நாடுகளும் சேர்ந்து, விலகும் வழியையும் மறதி நோய்க்கான சோதனை முறையையும் எழுதிவைப்பதே சரி.

கனடாவில் குடியுரிமை பெற்ற நம் ஆட்கள் ஒன்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே உறுதிமொழி மன்னருக்கு மட்டுமல்ல, அவருடைய வாரிசுகளுக்கும் சேர்த்தே எடுக்கப்படுகிறது. எலிசபெத் பெயரைச் சொல்லி எடுத்தவர்களும் சார்லஸ் வந்தபோது மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. நாளை வில்லியம் வந்தாலும், அது மரணத்தால் வந்தாலும் முடிதுறப்பால் வந்தாலும், இதே நிலைதான்.