மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

தொட்டி நீர் தெளிவாக இருந்தால் வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் புதிதாக மீன் வளர்ப்பவர்களின் தொட்டிகளில் மீன்கள் அடுத்தடுத்து சாவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான். புரதம் சிதைவதால் உண்டாகும் நைட்ரஜன் கழிவை மீன்கள் பெருமளவு அம்மோனியாவாகவே செவுள்கள் வழியாக நீரில் விடுகின்றன. தின்னாமல் விட்ட தீவனமும் அழுகி அதைக் கூட்டுகிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். போர் தண்ணீரை நம்பித் தொட்டி வைப்பவர்கள் பிஹெச் அளவைப் பார்த்துக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

இந்த நஞ்சை அகற்றுவது வடிகட்டியின் மோட்டார் அல்ல, அதனுள் குடியேறும் நுண்ணுயிரிகள். ஒரு வகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே; அது மீனின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும் வேலையை நைட்ரோபாக்டர் என்ற நுண்ணுயிரி செய்வதாக நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மோனியாவை நைட்ரேட் வரை தனியாகவே கொண்டுசெல்லும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்பது 2015இல் தெரியவந்தது. இவை மெதுவாகவே பெருகுகின்றன. புதிய தொட்டியில் போதிய அளவு வளர்வதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

ஆகவே வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த உயிரிகளுக்கு ஒட்டி வாழப் பரப்பும், தடையின்றி ஆக்சிஜனும் தரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.5 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது என்பதால், நம் ஊர் கோடையில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிவிடுகிறது.

இந்த அளவுகோலால் பார்த்தால், கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு உரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை என்றே சொல்வேன். ஏர் பம்பிலிருந்து வரும் காற்று, ஸ்பாஞ்சின் நடுவில் உள்ள குழாய்க்குள் குமிழிகளாக நுழைகிறது. குமிழிகள் கலந்த நீர் வெளியே உள்ள நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் குழாயில் மேலேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, தொட்டி நீர் ஸ்பாஞ்சின் துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. மேலே வெடிக்கும் குமிழிகள் நீர்மட்டத்தைக் கலக்குவதால் காற்றிலிருந்து ஆக்சிஜனும் கரைகிறது. இழுவிசை மென்மையானது, கப்பிக் குஞ்சுகளோ இறால்களோ அதில் சிக்குவதில்லை, நீண்ட துடுப்புள்ள பெட்டா மீனும் நீரோட்டத்தோடு போராட வேண்டியதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் பிடிக்கும். சிறிய மீன்களை அளவாக விட்டால் அதற்கு இதுவே போதும். ஏர் பம்பை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது காற்றுக் குழாயில் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. அவை மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிப்பவை. தொட்டியின் மேல் அமரும் டாப் ஃபில்டர் அவற்றுக்குப் பொருத்தமானது, ஏனெனில் நீர் பஞ்சின் மீது பரவி விழும்போது காற்றோடு நன்றாகக் கலக்கிறது, பஞ்சை எடுத்து அலசுவதும் எளிது. கூழாங்கற்களுக்கு அடியில் பதிக்கும் வகையைத் தவிர்ப்பதே நல்லது. அடைத்துக்கொண்டால் தொட்டியையே கலைக்க வேண்டியிருக்கும். பெரிய தொட்டிகளுக்கும், செடிகளுக்காகக் கரியமில வாயு செலுத்தும் தொட்டிகளுக்கும் கேனிஸ்டர், அதாவது மூடிய டப்பாவுக்குள் நீரைச் செலுத்தி வடிகட்டும் வகை, ஏற்றது. குமிழி விடும் வடிகட்டி அந்த வாயுவை வெளியேற்றிவிடும். மணிக்கு இத்தனை லிட்டர் என்று மோட்டார் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், வடிகட்டும் பொருள் எதுவும் இல்லாதபோது கிடைக்கும் ஓட்டம் என்பதால், தொட்டிக் கொள்ளளவின் 4, 5 மடங்கு வேண்டுமென்றால் சற்றுக் கூடுதலான திறனையே வாங்க வேண்டும்.

எந்த வகையானாலும் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. அதில் குளோரின் இருந்தால், வாரக்கணக்கில் வளர்ந்த உயிரிகள் பெருமளவு அழிந்துவிடும். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து, அதில் ஸ்பாஞ்சைப் பிழிந்து, பழுப்புநிறக் கசடு பெரும்பாலும் வெளியேறியதும் நிறுத்திவிடலாம். பளிச்சென்று ஆகும்வரை கசக்கத் தேவையில்லை. நைட்ரேட்டை இந்த வடிகட்டிகள் அகற்றுவதில்லை என்பதால், வாரந்தோறும் நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றும் வேலை யாருக்கும் மிச்சமாகாது.

மின்வெட்டு அடிக்கடி உள்ள இடங்களில் கேனிஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூடிய டப்பாவுக்குள் நீரோட்டம் நின்றதும் அங்குள்ள உயிரிகள் எஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்குகின்றன. பல மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தவுடன், கெட்டுப்போன அந்த நீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அதைத் திறந்து, உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, வடிகட்டும் பொருளைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மீண்டும் இயக்க வேண்டும்.