பேட்டரி அறையில் ஐஆர் டிடெக்டர் காட்டும் பூஜ்யத்தை நம்பாதீர்கள்

லெட்-ஆசிட் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும் அறை. கூரையில் ஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும்) கேஸ் டிடெக்டர், டிஸ்ப்ளேயில் 0% எல்இஎல் (எல்இஎல் என்பது வாயு வெடிக்கத் தொடங்கும் குறைந்தபட்ச அளவு, அதாவது வெடிப்பு எல்லை), பக்கத்தில் போன மாதத் தேதி போட்ட காலிபரேஷன் ஸ்டிக்கர். ஆடிட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அறையில் ஹைட்ரஜன் நிறைந்தாலும் அது 0 என்றுதான் காட்டும். எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு நின்றபாடில்லை.

ஐஆர் டிடெக்டருக்கு ஹைட்ரஜன் தெரியாது. குறைவாகத் தெரியும் என்றில்லை, தெரியவே தெரியாது. மீத்தேன், எல்பிஜி, பெட்ரோல் ஆவி எல்லாவற்றிலும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. அது 3.3 - 3.4 மைக்ரான் ஒளியை விழுங்கும். அந்த வாயுக்கள் தொடாத 4 மைக்ரான் பக்கத்து ஒளியோடு ஒப்பிட்டுத்தான் கருவி கணக்குப் போடுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறிலோ ஒரே மாதிரி அணுக்கள் இரண்டுதான். விழுங்க வழியில்லை, ஒளி அப்படியே கடந்துபோகும். காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தக் கருவியில் பதிவாகாததும் இதே காரணத்தால்தான். ஆகவே 'சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் போதும்', 'விலை கூடிய மாடல் எல்லா கேஸையும் பிடிக்கும்' என்ற பேச்சை தயவுசெய்து விடுங்கள். வராத சிக்னலை எவ்வளவு பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

'காலிபரேட் செய்தோமே, சரியாக 50 காட்டியதே' என்பார்கள். எந்த சிலிண்டரால்? 2.5% மீத்தேன். மீத்தேனின் வெடிப்பு எல்லை 5%, அதில் பாதி 50% எல்இஎல். கருவி மீத்தேனைப் பார்த்தது, சொன்னது. ஹைட்ரஜனை யாரும் காட்டவே இல்லை. ஸ்டிக்கர் சொல்வது அவ்வளவுதான். வெல்டிங் கடைகளின் அசெட்டிலினிலும் இதே பொறி: அது 3 மைக்ரான் பக்கம் விழுங்குவதால் சாதாரண ஹைட்ரோகார்பன் ஐஆர் டிடெக்டரில் ஏறக்குறைய எதுவும் பதிவாகாது.

பேட்டரி அறைக்கு கேட்டலிட்டிக் (வாயுவை ஒரு சிறு சூடான மணியில் எரித்து அளப்பது) அல்லது எலக்ட்ரோகெமிக்கல் (வேதிவினையில் வரும் மின்னோட்டத்தால் அளப்பது) ஹைட்ரஜன் சென்சார் போடுங்கள். கூரையின் உச்சியில், பீம்களுக்கு இடையே காற்று தேங்கும் குழியில் மாட்டுங்கள். ஹைட்ரஜன் அங்கேதான் சேரும். வெடிப்பு எல்லை 4%, ஆகவே 20% எல்இஎல் அலாரம் என்றால் 0.8% ஹைட்ரஜன். அதிலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், 40% எல்இஎல்-இல் சார்ஜர் தானாக நிற்க வேண்டும்.

கேட்டலிட்டிக்குக்கும் நோய் உண்டு. சிலிக்கோன் ஸ்ப்ரே, சீலன்ட் ஆவி பட்டால் அந்தச் சூடான மணி செத்துவிடும், செத்தபின்னும் அமைதியாக 0 காட்டும். வாயுவை எரிக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும், ஆகவே சோதனை சிலிண்டர் காற்றில் கலந்த 2% ஹைட்ரஜனாக இருக்கட்டும், நைட்ரஜனில் கலந்தது வேண்டாம். நேர்மாறாக, நைட்ரஜன் நிரப்பிய டேங்குக்குள் ஹைட்ரோகார்பன் அளக்க ஐஆர்தான் சரி, அங்கே கேட்டலிட்டிக் பொய் சொல்லும்.

இன்றே ஏணி வைத்து ஏறி அந்த டிடெக்டரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். அதில் ஐஆர் என்று இருந்தால், மாற்றும் வரை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.