அப்பாவின் 26 நிமிடமும் மகனின் 22 நிமிடமும்

டர்பனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஓட்டக்கார ஆண்கள் என்னிடம் வந்தால், பெரும்பாலும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். மார்ச்சில் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு ஐயாவுக்கு 62 வயது. சனிக்கிழமைதோறும் பூங்காக்களில் இலவசமாக நடக்கும் பார்க்ரன் ஓட்டத்தில் 5 கிலோமீட்டரை 26 நிமிடத்தில் ஓடுகிறவர், 28 வயது மகன் 22 நிமிடத்தில் முடிக்கிறானே என்று அவனை விரட்டிப்போய்ச் சதை கிழிந்து நொண்டிக்கொண்டு வந்தார். "வயசாயிடுச்சு தம்பி, இனி ஓட்டம் அவ்வளவுதான்" என்றார்.

அவருடைய பார்க்ரன் முடிவைப் போனில் திறந்து, நேரத்தோடு வரும் சதவீதத்தைக் காட்டினேன். இத்தனை வருஷம் அதை அவர் பார்த்ததே இல்லை! வயதுத் தரம் என்று சொல்லலாம். உங்கள் வயதில், உங்கள் பாலினத்தில் உலகத்தரத்தில் ஓடுகிறவருக்கு ஆகும் நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 62 வயது ஆணுக்கு அந்த நேரம் ஏறக்குறைய 16 நிமிடம், 28 வயதுக்கு 13-க்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்கு 61 சதவீதத்துக்கு மேல் வருகிறது, மகனுக்கு 59 கூட வரவில்லை.

வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறையும், உடலால் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜனும் குறையும். பயிற்சி அந்தச் சரிவை மெதுவாக்கும், நிறுத்தாது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் போட்டியில், 1989-இல் சாம் சபலாலா 5 மணி 35 நிமிடத்தில் வென்றார். அதே சாலையில் 80 வயது வாலி ஹேவர்ட், 11 மணி நேரக் கெடு முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது கோட்டைத் தொட்டார். கடிகாரத்தை மட்டும் பார்த்து ஹேவர்டைப் பாதி ஓட்டக்காரர் என்று யாராவது சொல்வோமா?

சரி, ஒவ்வொரு வயதுக்கும் அந்த உலகத்தர நேரத்தைத் தரும் அட்டவணையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பிப்ரவரியில் டர்பன் புழுக்கம் எப்படி இருக்கும், உங்கள் பாதையில் எத்தனை மேடு என்றெல்லாம் அதற்குத் தெரியாது, அதனால் ஒரே பாதையில் ஒரே பருவத்தில் ஓடிய நேரங்களை ஒப்பிடுங்கள். மிக முதிய வயதுகளில் ஓடுகிறவர்களே குறைவு என்பதால் அங்கே கணக்கும் கொஞ்சம் தளர்வானதுதான்.

ஐயா இப்போது தினமும் சமையலறைப் படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குகிறார். 54 வயதில் 24 நிமிடத்தில் ஓடிய பழைய முடிவையும் மகனைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். சேர்ந்து கணக்குப் போட்டோம், வயதுத் தரம் 62 சதவீதச் சொச்சம் வந்தது. எட்டு வருஷத்தில் இரண்டு நிமிடம் போச்சே என்று வருந்திக்கொண்டிருந்தவருக்குத் தரத்தில் ஒரு புள்ளிதான் குறைந்திருக்கிறது.