மெழுகுவத்தி அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அது இருந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்று சொல்லி, கரும்பலகையில் 21 விழுக்காடு என்று எழுதி முடித்துவிடுகிறோம். பல தலைமுறை வகுப்பறைகளில் கேட்ட விளக்கம் இது. ஆனால் தவறான விளக்கம். அது தவறு என்பதற்குச் சாட்சியும் அதே டம்ளர்தான்.

சோதனையை நிதானமாகச் செய்து பாருங்கள். மெழுகுவத்தி டம்ளரின் பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது, உயரமாக இருந்தால் சுடர் பட்டுக் கண்ணாடி விரிசல் விடும். உருகிய மெழுகிலேயே அதைத் தட்டில் ஒட்டவையுங்கள். தண்ணீர் 2 செ.மீ. ஆழம் இருக்கட்டும். ஒரு சொட்டு மை விட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, எப்போது ஏறுகிறது என்பதை மட்டும் மாணவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். சுடர் நன்றாக எரியும்வரை தண்ணீர் ஏறவே ஏறாது. சுடர் சுருங்கி அணையும் நேரத்தில்தான் விறுவிறுவென்று ஏறும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால், எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டுமே?

அடுத்து, அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை வையுங்கள். தண்ணீர் முன்பைவிட உயரமாக ஏறும். உள்ளே இருந்த ஆக்சிஜன் மூன்று மடங்கு ஆகிவிடவில்லை, கூடியது சூடுதான். சுடரின்மேல் டம்ளரைக் கொண்டுவரும்போதே உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. தண்ணீரில் துளி சோப்பு கலந்திருந்தால் டம்ளரின் விளிம்பில் குமிழிகள் கிளம்புவதையும் பார்க்கலாம். சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

கணக்குப் போட்டாலும் பழைய விளக்கம் நிற்காது. மெழுகு எரியும்போது ஏறக்குறைய 38 பங்கு ஆக்சிஜன் செலவாகி 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அந்த வாயு சில நொடிகளுக்குள் தண்ணீரில் கரைந்துவிடாது. போதாக்குறைக்கு, ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். ஆக, ஆக்சிஜன் குறைந்ததால் மட்டும் ஏறக்கூடிய தண்ணீர் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. யாருக்காவது சரியாக ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் அது தற்செயல்.

ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்ட வேண்டுமென்றால் துருவை நம்பலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெல்லிய இரும்பு நாரை (ஸ்டீல் ஊல்) வினிகரில் பத்து நிமிடம் ஊறவைத்து உதறுங்கள். அதன் மேலிருக்கும் எண்ணெய்ப் பூச்சு போனால்தான் துருப்பிடிக்கும். சோதனைக் குழாயின் அடியில் அதைத் தளர்வாகச் செருகி, கிண்ணத்துத் தண்ணீரில் குழாயைக் கவிழ்த்து ஓரிரு நாள் விடுங்கள். தண்ணீர் மெதுவாக ஏறி ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்பது ஒரே காரணத்தால்: பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான கம்பி நாரைப் போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரு வாரம் வைத்தாலும் ஒன்றும் நடக்காது.

காற்றுக்கு எடை உண்டு என்று காட்டும் பலூன் தராசும் இப்படி ஏமாற்றுவதுதான். ஊதிய இரண்டு பலூன்களை அளவுகோலின் இரு முனையில் கட்டி ஒன்றைக் குத்துவார்கள். 25 செ.மீ. விட்டமுள்ள பலூனுக்குள் சுமார் 8 லிட்டர், அதாவது 10 கிராம் அளவுக்குக் காற்று இருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள காற்று அந்தப் பலூனைக் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறது. தராசுக்குத் தெரிவது, பலூனின் ரப்பர் அழுத்தி வைத்திருக்கும் கூடுதல் காற்று மட்டும்தான். அது கால் கிராம் தேறினால் பெரிது. பலூன் வெடித்து ஒரு துண்டு ரப்பர் பறந்துபோனால் தராசு சாய்வது காற்றாலா, ரப்பராலா என்று சொல்ல முடியாது. வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் எடையில் சேரும். இதைத்தான் செய்வேன் என்றால், பம்பால் ஊதி, செலோடேப் ஒட்டிய இடத்தில் குத்துங்கள். காற்று மெதுவாக இறங்கும்.

இதைவிடக் கால்பந்து மேல். 5 எண் பந்தின் கொள்ளளவு ஐந்தரை லிட்டர் அளவு. பந்து உருண்டை வடிவத்துக்கு வந்து, விரலால் அழுத்தினால் அமுங்கும் நிலையில் பம்பை நிறுத்துங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் துணிச் சும்மாடு போட்டு, அதன்மேல் பந்தை வைத்து எடையைக் குறியுங்கள். பிறகு கல்போல் ஆகும்வரை காற்றடித்து மறுபடி வையுங்கள். நான்கைந்து கிராம் கூடியிருக்கும். பந்தின் பருமன் மாறாததால் மேலே தூக்கும் விசையும் மாறுவதில்லை, கூடியதெல்லாம் உள்ளே போன காற்றின் எடைதான். தொளதொளத்த பந்திலிருந்து தொடங்கினால் மட்டும் கணக்கு பிசகும்.

தண்ணீர் நிரம்பிய டம்ளரின் வாயில் அட்டையை வைத்துக் கவிழ்க்கும் சோதனைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நன்றாக உழைக்கும். யூஸ் அண்டு த்ரோ கப் வேண்டாம். பிடிக்கும் கையே அதை நசுக்கி அட்டையைத் தள்ளிவிடும். 10 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்க வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கே போதும் என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த அழுத்தம் சுமார் 10 மீட்டர் தண்ணீரைத் தாங்கக்கூடியது.

சூடான காற்று விரிவதைக் காட்டக் கண்ணாடி பாட்டிலையே எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் சூட்டில் தானே சுருங்கிவிடும். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஒரு லிட்டர் காற்று 165 மி.லி. அளவுக்குத்தான் விரியும். எனவே வாயில் மாட்டிய பலூன் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பந்துபோல் உப்பும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பலூனை முதலில் ஒருமுறை ஊதி இளக்கிவையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் பாட்டிலைத் திடீரென்று இறக்கினால் விரிசல் விடும்.

அமுக்கத்துக்கு 10 மி.லி. சிரிஞ்சு போதும். உறை பிரிக்காத புதியதை வாங்கி, ஊசியை வகுப்புக்குக் கொண்டுவராமல் தனியாக அப்புறப்படுத்திவிடுங்கள். நுனியை விரலால் அடைத்துத் தண்டை 10லிருந்து 5க்கு அழுத்த, ஏறக்குறைய இரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். தண்ணீர் நிரப்பிவிட்டு அழுத்தினால் அசையவே அசையாது. காற்றை அழுத்திவிட்டுத் தண்டை விட்டதும் அது 10க்குத் திரும்பாமல் 9இல் நின்றால், காற்று கசிந்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ரப்பரின் உராய்வாகவும் இருக்கலாம். இப்போது நுனியை அடைத்தபடியே தண்டை வெளியே இழுத்து, விட்டுப் பாருங்கள். 11இல் வந்து நின்றால் உராய்வு. 9க்கே திரும்பி வந்து நின்றால், அழுத்தியபோது காற்று கசிந்திருக்கிறது.