எதிரி ஏன் குறி தவறுகிறான்?

மே விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்த தங்கச்சி மகன், வளவுத் தூணில் சாய்ந்தபடி லேப்டாப்பில் கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். நண்பர்கள் இல்லாமல் தனியாக ஆடும் கதைப் பகுதி. எளிதிலிருந்து கடினம் வரை ரெக்ரூட், ரெகுலர், ஹார்டண்ட், வெட்டரன் என்று நான்கு படிகள். கெத்துக்காக வெட்டரனை எடுத்துவிட்டு அரை மணி நேரமாகச் செத்துக்கொண்டே இருந்தான்.

“அம்மான், வெட்டரன்னா எதிரிக்கு மூளை கூடிருமா?”

பெரும்பாலும் கூடாது. கணக்குதான் மாறும். 1993-ல் வந்த டூம் என்ற அரக்கர்களைச் சுடும் விளையாட்டின் மிக எளிய படியில், நம்மேல் படும் அடி பாதியாகும், நாம் பொறுக்கியெடுக்கும் தோட்டா இரட்டிப்பாகும், அவ்வளவே. அரக்கர்களின் அறிவு அதேதான்.

உண்மையில் கம்ப்யூட்டருக்குக் குறி பார்ப்பது ஒரு வேலையே இல்லை. நீங்கள் நிற்கும் இடம் அதற்கு மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரியும். துப்பாக்கியிலிருந்து உங்கள் நெற்றிக்கு ஒரு கோடு போட்டால் முடிந்தது கதை. நம் கண் பார்த்துக் கை அசையவே கால் நொடி ஆகும்; அதற்குள் விநாடிக்கு 60 காட்சி ஓடும் விளையாட்டில் 15 காட்சிகள் கடந்துவிடும். ஆகவே கஷ்டமான வேலை, நம்பும்படியாகக் குறி தவறுவது.

விளையாட்டை உருவாக்குகிறவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள்? முதலில், எதிரி நம்மைப் பார்த்த பின் சற்றுத் தயங்குகிறான். பிறகு அந்தக் கோட்டைக் கொஞ்சம் சாய்த்துவிடுகிறார்கள். 2 டிகிரி சாய்த்தால், 20 மீட்டர் தூரத்தில் குண்டு 70 சென்டிமீட்டர் விலகிப்போகும். காதோரம் உய்யென்று போகும், ஆள் பிழைத்துக்கொள்வான். அதே 2 டிகிரி 5 மீட்டரில் வெறும் 17 சென்டிமீட்டர், நெஞ்சுக்குக் குறி வைத்தது தோளில் பாயும். ஓர் எண்ணை மாற்றினால் போதும், தூரத்து எதிரி சொதப்பல், பக்கத்து எதிரி எமன் என்ற இயல்பு தானாக வந்துவிடுகிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். பயோஷாக் என்ற இன்னொரு துப்பாக்கி விளையாட்டை உருவாக்கியவர்கள் 2017-ல் இன்னொரு ரகசியத்தையும் உடைத்தார்கள்: எதிரியின் முதல் குண்டு நம்மேல் படாதபடி வடிவமைத்தார்களாம். உயிர் போகவிருக்கும் கடைசி அடியில் ஓரிரு விநாடி எதுவும் ஆகாமல் காப்பாற்றவும் செய்தார்களாம். ‘மயிரிழையில் தப்பினேன்’ என்று நாம் மார்தட்டியதெல்லாம் அவர்கள் போட்ட பிச்சை.

என் ஆயா பல்லாங்குழியில் இதைத்தான் செய்தார். எந்தக் குழியில் எடுத்தால் புதையல் தட்டாது என்று கண்ணாலேயே எண்ணி அதை எடுப்பார். அப்புறம், “அடடா, போச்சே!” என்று கன்னத்தில் கை வைப்பார். பத்து வயது வரை நான் பல்லாங்குழிப் புலி என்றே நம்பினேன்.

இதற்குள் தங்கச்சி உள்ளேயிருந்து, “திங்கக்கிழமை எட்டு மணி, ராகு காலத்துல ஆரம்பிச்சா இப்படித்தான்” என்றாள். டூம் அந்த வகையில் இன்னும் வேடிக்கை. அதில் அடி எவ்வளவு, குண்டு எந்தப் பக்கம் என்ற ‘அதிர்ஷ்டம்’ எல்லாம் 256 எண்கள் கொண்ட ஒரே பட்டியலை வரிசையாகப் படித்து வருவதுதான். பஞ்சாங்கம் போல முன்கூட்டியே எழுதி வைத்தது! ஆனால் அதில் திங்கட்கிழமைக்குத் தனிக் கட்டம் இல்லை.

இந்த ஊரில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. மனிதன் எந்த அளவு தோல்வியைத் தாங்கி மறுபடி முயல்வான் என்று ஆராய யாராவது பணம் தருவார்களா? ‘கேமுக்கா?’ என்று சிரிப்பார்கள். பாடம் நடத்துகிற எல்லோருக்கும் அந்த விடை வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எந்தப் படியை எடுப்பது? செத்ததும், ‘சே, அந்த ஜன்னலைப் பார்த்திருக்கணும்’ என்று தோன்றினால் படி சரி. எங்கிருந்து சுட்டான் என்றே தெரியாமல் திரும்பத் திரும்பச் செத்தால் ஒரு படி இறங்கலாம் என்றேன்.

“ஹார்டண்டா?” என்று முகத்தைச் சுளித்தவன், நான் காபிக்கு எழுந்து போனதும் ரெகுலருக்கே மாற்றிவிட்டான்.