பின்னூட்டல்: கீபோர்ட்டும் பிரிண்டரும் திருப்பிச் சொல்வது

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் மைக்கைப் பிடித்தபடி ஸ்பீக்கருக்கு முன்னால் வந்துவிட்டால் ‘கீ...’ என்று ஒரு கூச்சல் கிளம்பும். “பீட்பேக் அடிக்குது, தள்ளி நில்லுங்க” என்று யாராவது கத்துவார்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பயிற்சிப்பட்டறை முடிந்தால் ஒரு படிவத்தை நீட்டி “பீட்பேக் எழுதித் தாங்க” என்பார்கள். மெயின் வீதியில் கீபோர்ட் வாங்கப் போனால் கடைக்காரத் தம்பி ஒரு விசையை அமுக்கிக் காட்டி “இதில பீட்பேக் நல்லம் அண்ணே” என்பார். முதலாவது ஒரு கோளாறு, இரண்டாவது ஒரு அபிப்பிராயம், மூன்றாவது விரலுக்குக் கிடைக்கும் ஓர் உணர்வு. மூன்றுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது, தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே இங்கு கேள்வி.

‘பீட்’ என்றால் ஊட்டு, ‘பேக்’ என்றால் திரும்ப. வானொலி பிறந்த காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மின்சுற்றுக்காரர்களின் கையில் இது கலைச்சொல்லானது. பொறியிலிருந்து வெளிவருவதில் ஒரு பங்கை மறுபடி அதன் வாய்க்கே கொடுப்பதுதான் பீட்பேக். திருவிழாக் கூச்சல் அதற்குச் சரியான உதாரணம்: ஸ்பீக்கரில் வந்த ஒலி மைக்குக்குள் போய், பெருகி வெளியே வந்து, மறுபடி மைக்குக்குள் போய், சுற்றச் சுற்ற வளர்கிறது. இது நேர்ப் பின்னூட்டல். திரும்பும் பங்கைத் தலைகீழாக்கிக் கொடுத்தால் கதை மாறும். பிழை வளராமல் குறையும். அது எதிர்ப் பின்னூட்டல். தொலைபேசிப் பெருக்கிகளில் குரல் சிதையாமல் இருக்க இந்த வழியைக் கண்டவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் பிளாக். 1927 ஓகஸ்ட் 2ஆம் திகதி காலையில் ஹட்சன் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகையில், கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் வெற்றிடத்தில் அதைக் கிறுக்கினார். அவர் ஏறிய கடவைப் படகை எங்கள் திருகோணமலையில் ‘பாதை’ என்போம். 2009இல் பாலம் வரும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில் போய்வந்தவர்களுக்கு, அக்கரை சேரும் வரைக்கும் யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது தெரியும்.

சொல்தான் புதிது, வேலை பழையது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இயந்திரத்தில் பொருத்திய சுழலும் குண்டுகள் செய்ததும் இதையேதான்: வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் குறைந்தால் கூட்டும். 1948இல் கணிதவியலாளர் நோர்பேர்ட் வீனர் விலங்குக்கும் பொறிக்கும் இது பொது என்று எழுதினார். அப்புறம் முகாமைத்துவக்காரர்கள் சொல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படிவம் நிரப்புவதும் பீட்பேக் ஆகிவிட்டது.

தமிழில் இதற்கு இரண்டு வடிவம் உண்டு. இந்தியத் தமிழில் பின்னூட்டம். 2003ஐ ஒட்டித் தமிழ் வலைப்பதிவுகள் பெருகியபோது, பதிவின் கீழே வாசகர் எழுதும் நாலு வரிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இலங்கைப் பாடநூல்களிலும் ஆசிரியர் வழிகாட்டிகளிலும் பின்னூட்டல். உயிரியல் படித்தவர்களுக்கு ஓமோன் பாடத்தில் இது பழகிய சொல். அரச அலுவலகப் பலகையில் பக்கத்திலேயே நிற்கும் சிங்களச் சொல்லும் ‘பிரதிபோஷண’ என்று ஊட்டத்தைத்தான் பிடித்திருக்கிறது.

ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதானே, சோறா ஊட்டுகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. பெயர்ப்பு என்பது உண்மை. ஆனால் உண் என்பதிலிருந்து வந்த ஊட்டு தமிழில் எப்போதோ சோற்றைத் தாண்டிவிட்டது. அறிவூட்டல், நினைவூட்டல், வலுவூட்டல், நிறமூட்டல் என்று எத்தனை. நினைவூட்டலில் யாரும் கவளத்தைத் தேடுவதில்லை. ஆகவே சொல் தமிழில் இயல்பாகவே நிற்கிறது. அல், அம் இரண்டும் தொழிற்பெயர் விகுதிகள் என்றுதான் நன்னூல் சொல்லும். என்றாலும் ஆடல், ஆட்டம் என்று அருகருகே வைத்துப் பார்த்தால், அல் செயலின் பக்கமும் அம் செய்து முடிந்த பொருளின் பக்கமும் கொஞ்சம் சாய்வது காதுக்குத் தெரியும். சுற்றிச் சுற்றி நடக்கும் வேலைக்குப் பின்னூட்டல்தான் எனக்கு இசைவாகப் படுகிறது.

இனிக் கீபோர்ட்டுக்கு வருவோம். விசைப்பலகை என்றும் சாவிப்பலகை என்றும் எழுதுகிறார்கள். இங்கே வீட்டுக் கதவுக்குத் திறப்பு என்று சொல்லிவிட்டு, போர்த்துக்கீசரிடம் வாங்கிய சாவியைக் கொம்பியூட்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டது வேடிக்கைதான். விசை என்றே வைத்துக்கொள்கிறேன்.

தட்டச்சுப்பொறியில் பின்னூட்டலைத் தனியாகச் சேர்க்கத் தேவை இருக்கவில்லை. சுத்தி தாளில் அடிக்கும் சத்தம், வண்டி ஓர் எழுத்துத் தூரம் நகரும் அசைவு, வலது ஓரம் நெருங்கினால் ‘டிங்’ என்ற மணி என எல்லாம் கையோடு வந்தன. சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா போன்றவர்கள் தமிழுக்குத் தட்டச்சை ஒழுங்குபடுத்தியபோது இன்னொன்றும் சேர்ந்தது: புள்ளி போன்ற குறிகளுக்கு நகரா விசை. புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், வண்டி நகராது. பிறகு எழுத்தை அடித்தால் புள்ளிக்குக் கீழே அது போய் உட்கார்ந்த பின்தான் நகரும். வண்டி நகராமல் நிற்பதே ‘இன்னும் ஒன்று பாக்கி’ என்று விரலுக்குச் சொல்லிவிடும். அந்த மணியில் மட்டும் ஒரு குறை. ஓரத்துக்குச் சில எழுத்துக்கு முன்னால்தான் அது அடிக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்’ என்று முடிக்க வேண்டிய அரச கடிதத்துக்கு அது எந்த மூலைக்கு?

இலத்திரனியல் விசைப்பலகை வந்தபோது சத்தம் போய்விட்டது, தட்டச்சாளர்கள் தடுமாறினார்கள். ஐபிஎம் தன் சில முனையங்களின் விசைப்பலகைக்குள்ளே ஒரு மின்காந்தச் சுத்தியை வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ‘டக்’ என்று தட்ட வைத்தது. எழுத்தை அடிக்க அந்தச் சுத்தி தேவையே இல்லை, விரலைச் சமாதானப்படுத்த மட்டும். அதைவிட நல்ல வழி, 1985இல் வந்த மொடல் எம் விசைப்பலகையால் பேர்பெற்ற மடியும் சுருள்வில். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சிறு சுருள். அமுக்க அமுக்க எதிர்த்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடியும். அந்த மடிப்பிலேயே சத்தம், அந்த மடிப்பிலேயே மின்தொடர்பு. விரல் உணர்ந்ததும் எழுத்துப் பதிந்ததும் ஒரே நேரம் என்பதால் அடிமட்டம் வரைக்கும் குத்தத் தேவையில்லை. 1981இன் இசட்எக்ஸ்81 கொம்பியூட்டரோ வெறும் தட்டைத் தகடு. எழுத்து விழுந்ததா என்று ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்க்க வேண்டும். இன்றைய தொடுதிரையும் அதே தட்டைதான். அதனால்தான் போனில் விரலுக்கு மேலே எழுத்து எழும்பிக் காட்டுகிறது, உள்ளே ஒரு சின்ன அதிர்வு கொடுக்கிறது. எஃப், ஜே விசைகளில் தடவினால் தட்டுப்படும் மேடுகளை மறந்துவிடக் கூடாது. செலவில்லாத பின்னூட்டல் அது.

பிரிண்டர் வேறு ரகம். அது பக்கத்தில் இல்லாமலும் இருக்கும், ஆகவே சொல்லியனுப்ப வேண்டும். 1970இல் சென்ட்ரோனிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இணைப்பில் தரவு போகும் கம்பிகளோடு, திரும்பி வருவதற்கென்றே தனிக் கம்பிகள் இருந்தன: பெற்றுக்கொண்டேன், வேலையில் இருக்கிறேன், தாள் முடிந்தது, பிழை. துறைமுகத்தில் கப்பல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேல்தளத்தில் கப்டன் ‘அரை வேகம்’ என்று முள்ளைத் திருப்பினால், கீழே இயந்திர அறையிலும் மணி அடிக்கும். அங்குள்ளவர் தன் பிடியை அதே இடத்துக்குத் திருப்பிக் காட்டினால்தான் கட்டளை போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

இதில் பெரிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பல பேருக்கு ஒரே பிரிண்டர். அச்சுக்கு அனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தால் தாள் சிக்கி, வரிசை முழுக்க நிற்கும். அங்கு வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் பிரிண்டரின் நிரலில் கை வைத்தார். சிக்கலை அவரால் தடுக்க முடியாது. ஆனால் சிக்கினால், காத்திருக்கும் எல்லோருடைய திரைக்கும் ‘பிரிண்டர் சிக்கியிருக்கிறது, சரிசெய்யுங்கள்’ என்று செய்தி போகும்படி செய்தார். யாராவது ஒருவர் எழுந்து போவார் அல்லவா. பொறியைத் தொடாமலே பொறியைத் திருத்திய கண்டுபிடிப்பு என்று இதைத்தான் சொல்வேன். 1980ஐ ஒட்டி செரொக்ஸ் புதிய லேசர் பிரிண்டரைக் கொடுத்தபோது அதன் மூலநிரல் கிடைக்கவில்லை, அதே வசதியைச் சேர்க்க வழியில்லாமல் போயிற்று. அந்த எரிச்சல்தான் தன்னைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளியவற்றுள் ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். 1983 செப்டெம்பரில், யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றுக்கான குனூ திட்டத்தை அறிவித்தார்.

செய்தி வந்தால் மட்டும் போதுமா? 1980களிலும் 90களிலும் எச்பி லேசர்ஜெட் பிரிண்டர்கள் ‘பிசி லோட் லெட்டர்’ என்று காட்டியது உலகம் முழுக்கப் பகிடியானது. பிசி என்றது கொம்பியூட்டரை அல்ல, தாள் தட்டை. லெட்டர் என்றது அமெரிக்கத் தாள் அளவை. தாள் தட்டில் லெட்டர் அளவுத் தாளை வை என்பதுதான் அதன் பொருள். நாம் பாவிப்பது ஏ4, 210க்கு 297 மில்லிமீற்றர். லெட்டர் கொஞ்சம் அகலம், கொஞ்சம் கட்டை. எங்கோ அமெரிக்க அளவில் தயாரித்த கோப்பை இங்கே அச்சிடப் போனால் இந்த வில்லங்கம் இன்றும் வரும். கச்சேரிப் பக்கத்துக் கொமினிகேஷன் கடை ஒன்றில் காணி விண்ணப்பத்தோடு நின்ற பெரியவர், பிரிண்டரின் சின்னத் திரையை எட்டிப் பார்த்து, “தங்கச்சி, லெட்டர் எண்டு கேக்குது, இது விண்ணப்பமெல்லோ?” என்றார். “அது தாளைச் சொல்லுது ஐயா, நீங்க இருங்க” என்று அந்தப் பிள்ளை கொம்பியூட்டரில் அளவை மாற்றிவிட்டு வந்தது.

பிரிண்டர் எதைச் சொல்லாது என்பதும் முக்கியம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்து அச்சிட்டுப் பாருங்கள். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து விழும். பச்சை விளக்கு அணையாது. தாள் இருக்கிறது, மை இருக்கிறது, அதன் கணக்கில் எல்லாம் சரி.

இந்தச் செய்திகளுக்கு ஆங்கிலத்தில் ‘அலேர்ட்’. இத்தாலிய மொழியில் ‘மேட்டில் ஏறிக் காவல் பார்’ என்ற படைக்கூவலில் பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. கோணேசர் மலையில் கோட்டை கட்டியவர்கள் ஆளை மேலே ஏற்றிக் கடலைப் பார்க்க வைத்ததும் அந்த வேலைக்குத்தான். தமிழில் பலரும் எடுத்த எடுப்பில் எழுதுவது எச்சரிக்கை. தெலுங்கு, கன்னடத்தோடு உறவுள்ள சொல். அரசன் வருகையில் ‘எச்சரிக்கை, பராக்கு’ என்று கூவும் வழக்கில் அது ‘கவனம்’ என்ற அளவில்தான் நின்றது. கூத்தில் கட்டியகாரன் செய்வதும் அதுவே. இன்று அதில் ஆபத்து ஏறிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் அந்தச் சொல் இன்னும் கனத்துவிட்டது. தாள் தீர்ந்ததற்கெல்லாம் அதைச் செலவழிக்க எனக்கு மனமில்லை. சூடேறி நிற்கும் பொறிக்கு எச்சரிக்கை என்று எழுதலாம். மை குறைந்ததற்கு அறிவித்தல் போதும். மனிதர் உடனே எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் விழிப்பூட்டல். சற்று நீளம்தான், ஆனாலும் நினைவூட்டலோடு சேர்ந்து நிற்கக்கூடிய சொல்.

பின்னூட்டலுக்கும் இதே பிரிப்புத்தான் என் யோசனை. வெளிவந்தது திரும்பி உள்ளே போய் வேலையை மாற்றினால் பின்னூட்டல். மைக்கின் கூச்சலும் ஓமோனும் அதில் அடங்கும். விசை விரலுக்குச் சொல்வதையும் அதில் சேர்க்கலாம். அதைக் கேட்டுத்தானே அடுத்த அடி விழுகிறது. ஸ்டோல்மனின் செய்தி விழிப்பூட்டலாகப் புறப்பட்டு, ஒருவர் எழுந்து போய்த் தாளை இழுத்தெடுத்ததும் பின்னூட்டலாக முடிகிறது. பயிற்சிப்பட்டறைப் படிவம் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதைப் படித்து அடுத்த பட்டறையை யாராவது மாற்றியமைத்தால் அப்போது பார்க்கலாம். அதுவரை அதன் தலைப்பில் ‘தங்களது பின்னூட்டலை வழங்குக’ என்பதை வெட்டிவிட்டு, ‘உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்று அடித்தால் போதும்.