குப்பைக் கிடங்கு எரிந்தால் காற்றை அளக்கச் சொல்லும் விதி

வலம்புரிவிளை குப்பைக் கிடங்கு புகையும்போது நாகர்கோவில்காரர்கள் முதலில் சன்னலைச் சாத்துவோம். அப்புறம் மொட்டை மாடித் துணியை எடுப்போம். காற்றை அளந்தார்களா என்று கேட்கத் தோன்றாது. ஆனால் கேட்பதற்கு விதி இருக்கிறது.

2009 நவம்பரில் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட தேசிய காற்றுத் தர அளவுகளின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக பிஎம் 10 என்னும் தூசு (10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்) 100 மைக்ரோகிராமுக்குள்ளும், நுரையீரலின் ஆழம்வரை போகும் பிஎம் 2.5 என்னும் நுண்தூசு 60 மைக்ரோகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். அதன் அடிக்குறிப்புதான் நமக்கு முக்கியம்: அளந்ததில் அடுத்தடுத்து இரண்டு நாள் வரம்பு தாண்டினால், அங்கே தொடர்ந்து அளக்கவும் மேற்கொண்டு விசாரிக்கவும் அதுவே போதிய காரணம். கட்டடம் இடிந்து தூசு பறந்தாலும் இதே அளவுகள்தான்.

அளப்பது எப்படி? பிஎம் 2.5 கருவி மணிக்குச் சுமார் 1 கன மீட்டர் காற்றை இழுத்து ஒரு வட்ட வடிதாள் வழியாக விடும். தாளை முன்னும் பின்னும் எடை போடுவார்கள். ஒரு நாளில் 24 கன மீட்டர். தாளில் 2.4 மில்லிகிராம், அதாவது 2,400 மைக்ரோகிராம் ஏறியிருந்தால், வகுத்துப் பாருங்கள், கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். பிஎம் 2.5-க்கான 60 என்ற வரம்பைத் தாண்டியாச்சு. ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைந்த எடைதான் இது.

கருவி எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு போகும். புகைக்கு மேற்கே கருவியை வைத்தால் எண் அழகாகத்தான் வரும். கடலோரத்தில் இன்னொரு சிக்கல்: உப்புத் துகளும் பிஎம் 10-இல் சேர்ந்துகொள்ளும், அதனால் பிஎம் 2.5 எண்ணையும் கேளுங்கள்.

எண் இல்லாத உறுதிமொழி எங்கே கொண்டுவிடும் என்பதற்கு நியூயார்க் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11-இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரு வாரத்தில், சுவாசிக்கக் காற்று பாதுகாப்பானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. இடிபாடோ டிசம்பர் வரை கனன்றது. அப்படிச் சொல்லப் போதிய தரவு அப்போது இல்லை என்று அந்த முகமையின் தணிக்கைப் பிரிவே 2003-இல் எழுதியது.

சரி, யாரிடம் கேட்பது? தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் நாகர்கோவில் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அளவீட்டு விவரம் தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள் கெடு. உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரம். புகையை அந்தக் கணக்கில் சேர்க்க அதிகாரிகள் தயங்கக்கூடும், ஆனாலும் எழுதிப் பாருங்கள். “காற்று நன்றாக இருக்கிறதா” என்று கேட்காதீர்கள், “ஆம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கருவி நின்ற இடம், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்றின் திசை, தாளின் இரண்டு எடைகள்: இவற்றைக் கேளுங்கள்.